கராச்சியிலிருந்து வரவேண்டிய டாக்டர்

மயிலாப்பூர்,
18 அக்டோபர் 1948

அன்புள்ள மெஹபூபுக்கு வேதாந்தம் எழுதிக்கொண்டது. இங்கே நானும் ஜானுவும் நாளைத் தள்ளிக்கொண்டிருக்கிறோம். நீயும் அன்வரி பேகமும் கராச்சியில் சுகமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். கோடைக்குப் பிறகு உன்னிடமிருந்து கடிதம் இல்லாததால் நினைத்துக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை.

தமிழில் எழுதுகிறேனே என்று பார்க்காதே. பகல் முழுவதும் இங்கிலீஷில், "தங்கள் வருகையால் நாங்கள் கௌரவமடைவோம்" என்று முன்பின் பார்த்திராத மனிதர்களுக்கெல்லாம் எழுதி எழுதி அந்தப் பாஷையே கசந்துவிட்டது. உன் தமிழும் அங்கே துருப்பிடிக்காமல் இருக்கட்டும்.

விஷயம் இதுதான். வருகிற ஜனவரிக் கடைசியில் சென்னையில் உலகக் கண் வைத்தியர்களின் மாநாடு நடக்கப் போகிறது. தலைவர், வேறு யார், நம்முடைய ராவ் பகதூர் சந்திரமௌலிதான். ஆஸ்பத்திரியிலிருந்து ரிடையரானால் மனிதர் ஓய்ந்துவிடுவார் என்று நினைத்தோமே, இப்போதுதான் கொழுத்துக் கிளம்பியிருக்கிறார். என்னைக் கூட்டுக் காரியதரிசியாகப் போட்டிருக்கிறார். அதாவது, தலைவர் பதவி அவருடையது, வேலை என்னுடையது. நாம் இருவரும் வருஷக்கணக்காகச் சேர்த்த புரைக் கேஸ்களைத் தன் பெயரில் லண்டன் பத்திரிகையில் போட்டுக்கொண்டாரே, அதையே கொஞ்சம் நீட்டித் துவக்க உரையாக வாசிக்கப் போகிறார். டைப் அடிக்க என்னிடம்தான் கொடுத்திருக்கிறார். உன் பெயரையும் என் பெயரையும் நன்றியுரையில்கூடக் காணோம். ஒத்துப் பார்த்து, எழுத்துப் பிழை திருத்திக் கொடுத்தேன்.

இந்த அவமானத்தை எதற்காக ஏற்றுக்கொண்டேன் என்று உனக்குத் தெரியவேண்டும். உன் அக்காவுக்காக.

ஹாஜிரா அக்காவைப் போன வாரம் கச்சேரி ரோட்டு வீட்டில் பார்த்தேன். இடது கண்ணில் புரை நன்றாக முற்றிவிட்டது. பெண் ஷகீலாவின் தோளைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறாள். அறையை இருட்டாக்கி மெழுகுவர்த்தியை மேலும் கீழும், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் காட்டினேன். எங்கிருந்து வெளிச்சம் வருகிறதோ அங்கே தவறாமல் விரலை நீட்டினாள். உள்ளே எல்லாம் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். இப்போது எடுத்தால் கண்ணாடி போட்டுக்கொண்டு குரான் ஓதுவாள். இன்னும் விட்டுவைத்தால் புரை உள்ளேயே கரைந்து, அழுத்தம் ஏறி, நரம்பைத் தின்றுவிடும். இருப்பது அந்த ஒரு கண். உனக்கு நான் பாடம் நடத்தவேண்டியதில்லை.

நானே எடுத்துவிடுகிறேன் என்று சொன்னேன். "நீ நல்லவன்தான் தம்பி. நல்லவங்க கைலதான் ஒரு கண்ணு போச்சு. இதுக்கு மெஹபூப் கைதான். வேற கை வாணாம்" என்று சொல்லி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

அவளைக் குற்றம் சொல்ல முடியவில்லை. சொந்த ரத்தத்தின் மேல் கத்தி வைக்கக்கூடாது என்பது நம் தொழிலில் வழக்கம். அந்த வழக்கத்துக்குக் கட்டுப்பட்டுத்தானே நாற்பத்தாறில் அவளுடைய வலது கண்ணை நீ சந்திரமௌலியிடம் ஒப்படைத்தாய். அவர் காரில் வந்து, காரில் போனார். கண் சீழ் பிடித்துப் போயிற்று. பெரியவர் கை என்று அவரிடம் கொடுத்தாய். பக்கத்து மேஜையில் நின்றிருந்த என்னிடம் கொடுத்திருக்கலாம் என்று அன்றைக்கு நான் சொல்லவில்லை. இன்றைக்கும் சொல்லவில்லை.

நீ இங்கே வர ஜூலையிலிருந்து பர்மிட் வேண்டும் என்கிறார்கள். அக்காவுக்குக் கண் ஆபரேஷன் என்று மனுப்போட்டால் எந்தக் குமாஸ்தாவும் நிமிர்ந்து பார்க்கமாட்டான். மாநாட்டுப் பிரதிநிதி என்றால் வாசல் தானாகத் திறக்கும். அதனால் தியாகராய நகரில் ராவ் பகதூர் வீட்டு ஹாலில் உன் பெயரை எடுத்தேன். சுவரில் பெரிய உலகப் படம் மாட்டி, வர ஒப்புக்கொண்ட தேசங்களில் குண்டூசிக் கொடி குத்திக்கொண்டிருந்தார். "அவனா? நம்மகிட்ட சம்பளம் வாங்கிண்டு இருந்தவன், அவனைக் கூப்பிட்டா எந்த ஊர் டெலிகேட்டுன்னு ஓய் சொல்லிக்கறது?" என்றார். பாகிஸ்தான் ஒரு தேசம் ஸார், நம் கணக்கில் இன்னும் சேரவில்லை என்றேன். மனிதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "அட, ஆமா ஓய். அது தோணவே இல்லையே" என்று சொல்லி உடனே கராச்சியில் ஒரு ஊசியைக் குத்தினார்.

உன்னை உதவி சர்ஜனுக்கு மேலே ஏற்ற இடமில்லை என்றவருக்கு, உன்னைக் குண்டூசியாகக் குத்த இடமிருக்கிறது. கோபப்படாதே. எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. அழைப்பு இரண்டு சர்க்கார் வழியாக உன்னிடம் வந்து சேரும். மாநாடு முடிந்த மறுநாள் அடையாற்றில் ஒரு சிறிய நர்ஸிங் ஹோமில் மேஜை கேட்டு வைத்திருக்கிறேன். நீ கத்தியை எடு. நான் விளக்குப் பிடிக்கிறேன். வழக்கம் மீறிய பாவம் என் தலையில் இருக்கட்டும்.

உடனே பதில் போடு. அக்கா தினம் தபால்காரன் குரலுக்குக் காது கொடுத்துக்கொண்டிருக்கிறாள்.

உன்
வேதாந்தம்


மயிலாப்பூர்,
9 டிசம்பர் 1948

மெஹபூபுக்கு வேதாந்தத்தின் அன்பு.

உன் கடிதம் வந்தது. அதைக் கடிதம் என்று சொல்லலாமா என்று தெரியவில்லை. "அழைப்பு வந்தால் யோசிக்கிறேன். அக்காவைப் பார்த்துக்கொள்." மருந்துச் சீட்டில்கூட நீ இதைவிட அதிகம் எழுதுவாயே. வேலை நெருக்கடி என்று எடுத்துக்கொண்டேன். ஹாஜிரா அக்காவிடம் வாசித்துக் காட்டும்போது, "அழைப்பு வந்ததும் வருகிறேன்" என்று வாசித்தேன். ஷகீலா என் தோளுக்குப் பின்னாலிருந்து கடிதத்தைப் பார்த்தாள். அதை என் கையிலிருந்து வாங்கி மடித்து வைத்தாள்.

மாநாட்டு வேலை என்னை அரைத்துக்கொண்டிருக்கிறது. ஊரில் அரிசி ரேஷன். விருந்துக்கு அரிசி ஒதுக்கச் சொல்லி ஒரு ஆபீஸ், டாக்ஸிக்குப் பெட்ரோல் கேட்டு ஒரு ஆபீஸ். அக்டோபரிலிருந்து சென்னையில் மதுவிலக்கு. ஐரோப்பிய டாக்டர்களுக்கு மாலையில் குடிக்க ஏதாவது வேண்டுமாம். அதற்கு பர்மிட் வாங்க ஒரு ஆபீஸ். அந்த ஆபீஸர் என்னை உட்காரவைத்து, காபி வரவழைத்து, ஸ்வீடன்காரர்களுக்கும் டச்சுக்காரர்களுக்கும் ஒரே மூச்சில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பரங்கி விஸ்கி குடிக்க பர்மிட் கிடைக்கிறது. கச்சேரி ரோட்டில் பிறந்தவன் கச்சேரி ரோட்டுக்கு வருவதற்குக் கிடைக்காது. நான் சிரித்தேன் போலிருக்கிறது, என்ன ஸார் என்று கேட்டார். பல்வலி என்றேன்.

கொடி தைக்கும் வேலையைப் பாண்டி பஜாரில் அப்துல் கஃபாரிடம் கொடுத்தேன். உனக்குக் கல்யாண ஷெர்வானி தைத்தவர். மற்ற தேசத்துக் கொடிகளையெல்லாம் தைத்து மடித்து வைத்துவிட்டார். பாகிஸ்தான் கொடியை மட்டும் துணியோடு திருப்பிக் கொடுத்தார். "இத்த வேற யார்கிட்டயாவது குடுத்துடுங்க நைனா. ஹைதராபாத் சண்டைக்கு அப்பறம் தெருவுல ஒரு மாதிரி பாக்குறானுங்க. நான் பச்சைத் துணில பிறை வெச்சு தெச்சுக்கினு இருக்கசொல்ல எவனாவது உள்ள வந்தா இன்னான்னு சொல்றது?" என்றார். தலைவர் கையெழுத்திட்ட கடிதத்தைக் காட்டினேன். "கடுதாசியைப் படிக்கிறதுக்குள்ள அடி விழுந்துடும்" என்றார். கடைசியில், நான் நெற்றியில் நாமத்தோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் தைக்கிறேன் என்று ஒப்புக்கொண்டார். கதவைப் பாதி சாத்திவிட்டு அவர் தைத்தார். நான் முக்காலியில் உட்கார்ந்து காவல் காத்தேன். உன் வரவுக்காகத் தைக்கிற கொடி என்று சொன்னதும் பிறையைப் பிரித்து இன்னொரு தடவை திருத்தமாகத் தைத்தார்.

இனி கெட்ட செய்தி. உன் சர்க்காரிடமிருந்து பதில் வந்திருக்கிறது. அழைப்பை ஏற்றுக்கொள்கிறார்களாம். பிரதிநிதியின் பெயர் பின்னால் தெரிவிக்கப்படுமாம். பின்னால் என்ன, நாம்தான் பெயர் எழுதியிருந்தோமே என்று ராவ் பகதூரிடம் கேட்டேன். "தேசம்னு கூப்ட்டப்பறம் ஆளை நாம எப்படிச் சொல்றது? அவா யாரை அனுப்பறாளோ அவர்தான் டெலிகேட். உம்ம சிநேகிதன் பேரை நான் அடிச்சுட்டேன், மரியாதையா இருக்காதுன்னு" என்றார்.

வெளியே வந்து பனகல் பார்க் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். தனி மனிதனாக உன்னை அழைத்திருந்தால் அந்தக் கடிதம் உன் பெயருக்கு வந்திருக்கும். கெட்டிக்காரத்தனம் பண்ணி உன்னை ஒரு தேசமாக்கினேன். இப்போது அந்தத் தேசம் வரும், நீ வருவாயா என்று தெரியவில்லை. இந்தத் தப்பைச் சாதாரண மனிதன் செய்யமாட்டான். மாநாட்டுக் காரியதரிசி ஒருவன்தான் செய்வான்.

ஆகையால் நீ சும்மா இருக்காதே. உன் மேலதிகாரியைப் பார். மந்திரி ஆபீஸில் யாரையாவது பிடி. எனக்குச் சென்னை தெரியும், மொழி தெரியும், ஆட்களைத் தெரியும் என்று சொல். உன்னைவிடத் தகுதியானவன் அங்கே யார் இருக்கிறான்?

அக்காவுக்குப் போன வாரம் கண்ணில் வலி கண்டது. உள்ளே அழுத்தம் ஏறியிருக்கிறதா என்று இமை மேல் விரல் வைத்துப் பார்த்தேன். கல் மாதிரி இல்லை, ஆனால் நாம் விரும்புகிற மாதிரியும் இல்லை. சொட்டு மருந்து போட்டு வலியைக் குறைத்திருக்கிறேன். இப்போதே எடுத்துவிடலாம் என்று காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினேன். "பொங்கலு தாண்டினா வந்துடப்போறான். இத்தினி நாள் இருந்துட்டேன், இன்னும் கொஞ்ச நாள் இருக்க மாட்டேனா? உனக்கு இன்னா அவசரம்?" என்கிறாள். வீட்டுக்கு வந்தால் ஜானு விடுவதில்லை. "ஏன்னா, ஊர் உலகத்துக் கண்ணுக்கெல்லாம் மாநாடு போடறேளே, அந்த ஒத்தைக் கண்ணுக்கு ஒரு வழி பண்ண மாட்டேளா?" என்கிறாள். ரசத்தை ஊற்றிக்கொண்டு சாப்பிட்டேன்.

தாமதம் வேண்டாம் மெஹபூப். தந்தி அடி.

வேதாந்தம்


மயிலாப்பூர்,
4 பிப்ரவரி 1949

மெஹபூபுக்கு,

மாநாடு முடிந்தது. பத்திரிகைகள் புகழ்ந்திருக்கின்றன. ராவ் பகதூர் நம்முடைய கட்டுரையை ஏற்ற இறக்கத்தோடு வாசித்தார், வெள்ளைக்காரர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். எல்லாரும் சேர்ந்து எடுத்துக்கொண்ட போட்டோவில் நான் இல்லை. நாற்காலி போதவில்லை என்று எடுத்துவரப் போயிருந்தேன்.

உனக்குப் பதிலாக வந்தவர் லாகூர் டாக்டர் வலியுல்லா. அவர் பெயர் தந்தியில் வந்த நாளிலிருந்து அந்த மனிதரை வெறுத்துக்கொண்டிருந்தேன். சிபாரிசில் வந்தவன், உன் இடத்தைத் தட்டிப் பறித்தவன் என்று மனத்துக்குள் வழக்கே நடத்தி முடித்திருந்தேன். நேரில் பார்த்தால் சாதுவான மனிதர். சாம்பாரைக் கிண்ணத்தோடு குடித்துவிட்டு இன்னும் கொஞ்சம் கேட்டார்.

கடைசி நாள் மாலை எல்லாரையும் அடையாற்றுப் பெரிய ஆலமரத்தடிக்கு அழைத்துப் போய்த் தேநீர் கொடுத்தோம். அவர் தானாகவே என்னிடம் வந்தார். டாக்டர் மெஹபூப் அலி இந்த ஊர்க்காரராமே, உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன். என்ன கை அது, நான் பார்த்ததிலேயே சுத்தமான கை என்றார். பிறகு சர்க்கரையைக் கலக்கிக்கொண்டே சொன்னார். எங்கள் சர்க்கார் முதலில் அவர் பெயரைத்தான் போட்டிருந்தது. அவரே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அதனால்தான் எனக்கு இந்த அதிர்ஷ்டம் என்றார்.

அவரே சொன்னார். சொந்த ஊராயிற்றே, ஏன் போகவில்லை என்று உன்னைக் கேட்டாராம். போனால் ஓர் ஆபரேஷன் செய்யவேண்டி வரும், அதற்கு எனக்குத் தைரியமில்லை என்றாயாம். உங்கள் கைக்கா என்று அவர் சிரித்தாராம். நீ சிரிக்கவில்லையாம்.

ராவ் பகதூர் அந்தப் பக்கம் ஆலமரத்தின் விழுதுகளைப் பற்றி டச்சுக்காரர்களுக்குத் தவறாக ஏதோ விளக்கிக்கொண்டிருந்தார். அவரை வெறுக்கலாமென்று பார்த்தேன். அன்றைக்கு முடியவில்லை.

அன்றே உட்கார்ந்து உனக்கு ஒரு கடிதம் எழுதினேன். அதை நீ பார்க்கமாட்டாய். கிழித்து அடுப்பில் போட்டாயிற்று. அதில் இருந்ததில் ஒன்றை மட்டும் இங்கே எழுதுகிறேன். உத்தியோகம் உயரவில்லை என்று போனாய் என நம்பினேன். அன்வரி பேகத்தின் அண்ணன்மார் அங்கே இருப்பதால் போனாய் என்று ஊர் நம்பியது. நீ தேசத்தை விட்டுப் போகவில்லை மெஹபூப். ஒரு கண்ணை விட்டுப் போயிருக்கிறாய். வலது கண் போனபோதே, இடது கண் ஒருநாள் உன்னிடம் வரும் என்று உனக்குத் தெரிந்துவிட்டது. கத்தி வைக்க முடியாது என்று என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் ஐப்பசியிலேயே எடுத்திருப்பேன். "யோசிக்கிறேன்" என்று எழுதினாய். அந்த யோசனையில் அவள் பல மாதங்கள் உட்கார்ந்திருந்தாள்.

நீ வரவில்லை என்பதை அக்காவிடம் அதுவரை சொல்லியிருக்கவில்லை. மறுநாள் கச்சேரி ரோட்டுக்குப் போனேன். உனக்காக ரேஷனில் மிச்சம் பிடித்துச் சேர்த்த அரிசியை ஷகீலா முறத்தில் கொட்டிப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அக்கா வாசல் பக்கம் முகத்தைத் திருப்பி, "எத்தினி பேரு வர்றீங்க? ஒரு செருப்பு சத்தம்தான் கேக்குது" என்றாள்.

பர்மிட் கொடுக்கவில்லை என்று சொன்னேன். அந்த சர்க்கார் விட்டால் இந்த சர்க்கார் விடவில்லை, இந்த சர்க்கார் விட்டால் அந்த சர்க்கார் விடவில்லை என்றேன். இரண்டும் பெரிய சர்க்கார்கள், இந்தப் பழியையும் சுமக்கும். அக்கா வாசல் பக்கமிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு, "பாவம், அங்க எப்படித் துடிச்சிக்கினு இருக்கானோ. சின்னதுலயே யாருக்காவது அடிபட்டா இவன்தான் அழுவான்" என்றாள். ஷகீலா முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவளுக்குத் தெரியும் என்று நினைக்கிறேன்.

கொஞ்சம் பொறுத்து அக்காவே சொன்னாள்: "செரி, நீயே பண்ணுடா. உன் கை எப்படி?" சுமார்தான் அக்கா, ஆனால் நடுங்காது என்றேன். "அது போதும்" என்றாள்.

ஜன்னலைச் சாத்திவிட்டு மெழுகுவர்த்தியை ஏற்றினேன். மேலே காட்டினேன், காட்டினாள். காதோரம் காட்டினேன், காட்டினாள். மூக்குப் பக்கம் கொண்டுவந்தேன். விரலை நீட்டாமல், "அணைச்சிட்டியா?" என்று கேட்டாள்.

அக்டோபரில் அந்தப் பக்கமும் தெரிந்தது. நரம்பு போக ஆரம்பித்துவிட்டது. எவ்வளவு மிச்சமிருக்கிறது என்பது திறந்து பார்த்தால்தான் தெரியும். திங்கட்கிழமை காலை மேஜையில் ஏற்றுகிறேன். இந்தக் கடிதம் உன்னை எட்டுவதற்குள் அது முடிந்திருக்கும். ஆகவே உன்னிடம் எதுவும் கேட்பதற்கில்லை.

வேதாந்தம்


மயிலாப்பூர்,
2 மார்ச் 1949

அன்புள்ள மெஹபூபுக்கு,

உன் தந்தி வந்தது. "ஆபரேஷன் முடிவு தெரிவி" என்று கேட்டிருக்கிறாய். தெரிவிக்கிறேன்.

அடையாற்று நர்ஸிங் ஹோமில் செய்தேன். செண்பகம் என்ற நர்ஸ் உதவி செய்தாள். தலைக்கு இரண்டு பக்கமும் மணல் மூட்டை வைத்து, முகத்தை மூடி, மருந்து விட்டு மரத்துப் போகச் செய்தாயிற்று. பேசக்கூடாது அக்கா, கண் அசையும் என்றேன். "நான் பேசலைன்னா நீ பேசு. மெஹபூபைப் பத்திப் பேசு" என்றாள். இத்தனை மாதமாக உன்மேல் இருந்த கசப்பெல்லாம் நெஞ்சில் நிற்க, கையை மட்டும் அசங்காமல் வைத்துக்கொண்டு, உன்னைப் புகழ்ந்து பேசினேன். கசாப்புக் கடையிலிருந்து ஆட்டுக் கண் வாங்கிவந்து உங்கள் வீட்டு அம்மிக்கல் மேல் வைத்து நாம் வெட்டிப் பழகினோமே, அதைச் சொன்னேன். தலைக்கறிக்கு வைத்திருந்த ஆட்டுத் தலையிலிருந்தே நீ கண்ணை எடுத்துவிட்டு, ஆடு பிறவிக் குருடு என்று அவளிடம் சத்தியம் செய்ததைச் சொன்னேன். துணிக்குள் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் கத்தியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு அது அடங்கும்வரை நின்றேன்.

புரை முழுசாக வந்தது. கண்ணுக்குள் இருக்கும் நீர்மம் ஒரு சொட்டுக்கூட வெளியே வரவில்லை. ஆபரேஷனைப் பொறுத்தவரை, நான் செய்தவற்றில் அதுதான் நன்றாக அமைந்தது. பார்க்க ஒருவரும் இல்லை. ஒரு மாநாடும் இல்லை.

கட்டுப் பிரிக்கும்வரை அசையாமல் மல்லாந்து கிடந்தாள். பிரித்தேன். கருவிழி கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தது. கருவி வைத்து உள்ளே பார்த்தேன், நரம்பு சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது. ஜன்னல் எங்கே இருக்கிறது என்று தெரிகிறது. முகத்துக்கு முன்னால் கையை ஆட்டினால், ஏதோ ஆடுகிறது என்று தெரிகிறது. அவ்வளவுதான். கண்ணாடி மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். நான் போடுவது எனக்காகத்தான் என்று அவளுக்குத் தெரிந்திருக்கவேண்டும், "விடுடா, எல்லாம் ஒண்ணாத்தான் கீது" என்றாள்.

ஜானு வந்து பார்த்தாள். வீடு திரும்பும் வழியில் அவள் என்னை ஒன்றும் கேட்கவில்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அப்படி இருந்தது இல்லை.

ராவ் பகதூருக்கு லண்டன் சங்கத்தில் கௌரவ அங்கத்தினர் பதவி கொடுத்திருக்கிறார்கள். மாநாட்டு மலரைத் தொகுக்கும் வேலை எனக்கு. பிரதிநிதிகள் வரிசையில் பாகிஸ்தான் என்பதற்கு நேரே வலியுல்லாவின் பெயரை அச்சுக்கு அனுப்பிவிட்டேன்.

இனி, நீ தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று. போன வெள்ளிக்கிழமை அக்கா என்னைக் கூப்பிட்டு அனுப்பினாள். ஷகீலாவை வெளியே போகச் சொன்னாள். என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒண்ணு கேக்குறேன், உள்ளதைச் சொல்லு. மெஹபூப் வந்து பண்ணியிருந்தா இன்னும் கொஞ்சம் தெரிஞ்சிருக்கும்ல?" என்று கேட்டாள்.

உனக்குத் தெரியும், இந்தத் தொழிலில் எனக்கு இருப்பது அந்த ஒரு கர்வம்தான். மற்ற எல்லாவற்றையும் ஒவ்வொருவராக வந்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். யார் செய்திருந்தாலும் அதேதான், காலம் கடந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். அது உண்மையும்கூட. ஆனால் அடுத்த கேள்வி, காலம் ஏன் கடந்தது என்பதாக இருக்கும்.

ஆமாம் அக்கா, அவன் கை வேறே என்றேன்.

அவள் முகம் தெளிந்துவிட்டது. என் கையைத் தட்டிக்கொடுத்து, "வருத்தப்படாதடா, நீயும் நல்லாத்தான் பண்ணே" என்று எனக்கு ஆறுதல் சொன்னாள்.

இதற்குமேல் உன்னோடு சண்டை போட என்னிடம் எதுவும் இல்லை. ஒரே ஒரு வேண்டுகோள். அவளுக்கு எழுது. மாதம் ஒரு தடவையாவது எழுது. பர்மிட் கேட்டிருக்கிறேன், தர மறுக்கிறார்கள் என்று எழுது. அடுத்த மாதம் கிடைக்கும்போலிருக்கிறது என்று எழுது. நான் சொன்ன பொய்யைத் தனியாக நிற்கவிடாதே. ஷகீலா வாசித்துக் காட்டுவாள், ஒரு வார்த்தைகூட மாற்றமாட்டாள், என்னிடம் சொல்லிவிட்டாள். அழுதுகொண்டு உண்மையை எழுதிவிடாதே. உண்மையை எழுதினால் உனக்குப் பாரம் இறங்கும். அவளுக்கு இருக்கிற தம்பியும் போய்விடுவான்.

அன்வரி பேகத்துக்கு என் நமஸ்காரம். உன்னிடம் வருகிற கண்களுக்கெல்லாம் நீ வெளிச்சம் கொடு. உன் கை என்றைக்கும் நடுங்காமல் இருக்கட்டும்.

வேதாந்தம்